நாங்கள் வேதம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் ஒரு வீட்டு வராந்தாவில் ஒரு பெண் ஒரு சொல்லைச் சொன்னாள். வீட்டுக்காரர் அதை வேறொன்றாகப் புரிந்துகொண்டார். அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் தெரிந்த ஒரே ஆள் அங்கே நான். திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

இதைப் பாவமன்னிப்பு என்று எண்ணிப் படிக்க உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் வருத்தப்படவில்லை. மறுபடி அந்த வராந்தாவில் உட்காரவைத்தாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் அந்தப் பெண் அதற்கு ஒப்பவில்லை. கதை எனக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டுக்காரரைப் பற்றியது என்று நீங்கள் இடையில் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

2

தொடக்கம் எழுதுவதில்தான் முதல் சண்டை.

[முதல் தொடக்கம்: கரிய கடலின் நடுவே, காற்றில் திசை தெரியாமல், ஒரு சிறு படகு நடுங்கிக்கொண்டு—]

இதை எழுதி எடுத்துக்கொண்டு அடையாற்றுக்குப் போய்ப் புஸ்பராணிக்குப் படித்துக் காட்டினேன். அவள் கன்னியர் மடத்தின் விருந்தினர் அறை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஆர் நடுங்கினது?” என்றாள்.

“படகு.”

“படகு ஏன் நடுங்குது? அக்கா, நாங்கள் மீன்பிடிக்கிற ஆக்கள். கடலுக்கு ஏன் பயப்பிடுறம்?”

“அப்ப எதுக்குத்தான் பயந்தே?”

“இஞ்ச வந்து ஃபோர்ம் நிரப்பத்தான்.”

[இரண்டாம் தொடக்கம்: மணல்திட்டில் கால் பட்டதும் அவள் கண்களில் நீர் திரண்டது. அது துயரமா, நன்றியா என்று—]

“அது வெயில்,” என்றாள். “கண் கூசினது. எழுதுறதெண்டா நடந்ததை எழுதுங்கோ.”

[மூன்றாம் தொடக்கம்: ஒரு தாய், ஒரு தந்தை, நோயுற்ற ஒரு மகள். அவர்களுக்குப் பெயர் வேண்டாம். நாடிழந்த எல்லோருக்கும் இதுவே—]

இது எனக்குப் பிடித்திருந்தது. அகலமாக இருந்தது. புஸ்பராணி கீரைக்காம்பை முறத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“பேர் ஏன் வேண்டாம்?”

“பொதுவா இருக்கட்டும்னு.”

“பேர் இல்லாமல் எங்களைப் பெத்தவையோ?”

மூன்று தொடக்கங்களும் போயின. அடித்ததை அழிக்காமல் விட்டிருக்கிறேன். அவளுக்கு எவ்வளவு வேலை வைத்தேன் என்று நீங்களும் பாருங்கள்.

ஆகவே எனக்குத் தெரிந்த முறையில் தொடங்குகிறேன். திசையன்விளைப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த முறை: அனுப்புநர், பெறுநர், பொருள். ‘பொருள்’ என்ற இடத்தில் விஷயத்தை ஒரே வரியில் சொல்லத் தெரியாதவனுக்கு விஷயம் தெரியாது என்று அர்த்தம்.

பொருள்: முகவரி வேண்டி.

புஸ்பராணி, அவள் கணவர் செபஸ்தியான், பள்ளிக்கூட வயதில் ஒரு மகள் டிலுக்சி. மன்னார்த் தீவில் பேசாலை அவர்கள் ஊர். அரிசி விலை ஏறி, மண்ணெண்ணெய் கிடைக்காமல், செபஸ்தியானின் படகு கரையிலேயே காய்ந்துகொண்டு கிடந்த வருஷத்தில் இன்னொருவன் படகில் கடல் தாண்டினார்கள். மண்டபம் முகாமில் இருந்தார்கள். அங்கே டிலுக்சிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. சென்னையில்தான் அறுவை சிகிச்சை. அதற்கு முன்னும் பின்னும் மாதக்கணக்கில் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

முகாமுக்கு வெளியே தங்க அனுமதி கிடைத்தது. ஒரு நிபந்தனையோடு. நகரத்தில் ஒரு முகவரி காட்ட வேண்டும். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் கொடுக்க வேண்டும். மடத்து அறை தற்காலிகம் என்பதால் செல்லாது. கெடு முடிவதற்குள் கடிதம் போய்ச் சேராவிட்டால் மூவரும் முகாமுக்குத் திரும்ப வேண்டும். சிகிச்சைக்குக் குறித்த நாள் இன்னொரு குழந்தைக்குப் போய்விடும்.

வேண்டியது ஒரு கையெழுத்து. இந்தக் கதையில் வேறெதையும் தேடாதீர்கள்.

3

நான் எப்படி இதற்குள் வந்தேன் என்று நீங்கள் கேட்கும் முன்பே ஒருத்தி கேட்டுவிட்டாள்.

அன்று காலை தி. நகரில் இரண்டு வீடு பார்த்தோம். ஒரு வீட்டில் “சிலோனா? போலீஸ் வருமே” என்றார்கள். இன்னொரு வீட்டில் அதைக்கூடச் சொல்லாமல் கேட்டைச் சாத்தினார்கள். திரும்பும் வழியில் புஸ்பராணி மீன் பார்க்க வேண்டும் என்றாள். வாங்க அல்ல, பார்க்க. நொச்சிக்குப்பத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே வேலம்மா எனக்குப் பழக்கம்.

“இன்னாம்மா, மலையாளத்துக்காரிய இஸ்துகினு வந்துகீற?”

“தமிழ்தான் வேலம்மா.”

“அய்ய, இது இன்னா தமிழு? பாட்டு மாரி கீது.” புஸ்பராணியிடம் ஒரு மீனைத் தூக்கிக் காட்டினாள். “வஞ்சரம். துன்னுக்கீறியா?”

“இது அறுக்குளா,” என்றாள் புஸ்பராணி.

“இன்னாது?”

“எங்கட ஊரிலை இதுக்கு அறுக்குளா எண்டு பேர்.”

“அறுக்கலாம், அறுக்கலாம். மொதல்ல வாங்கு, அப்பால அறுக்கலாம்,” என்று வேலம்மா சிரித்தாள். பக்கத்துக் கடைக்காரியும் சிரித்தாள். புஸ்பராணி விளங்கிக்கொண்டு கடைசியாகச் சிரித்தாள். மற்ற இருவரையும்விட அதிக நேரம் சிரித்தாள்.

பிறகு வேலம்மா கத்தியைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். “ஊடு கெடச்சிச்சா?”

“இல்ல.”

“எங்க கெடைக்கும்? குப்பம்னு சொன்னா எங்களுக்கே குடுக்க மாட்டேன்றான். கடல் தாண்டி வந்ததுக்குக் குடுத்துருவானா? ஆமா, உனுக்கு இன்னா இதுல? சாமியும் வேற, ஊரும் வேற. ஊட்ல வேல இல்லியா உனுக்கு?”

“இல்ல வேலம்மா. வேலை இல்ல. அதனாலதான்.”

“அப்டி சொல்லு,” என்றாள். “சேவ, கீவன்னு சொல்லிக்கினு வந்தீன்னா மூஞ்சில தண்ணி ஊத்தியிருப்பேன்.”

(இந்த இடத்தில் என் கடந்த காலத்தைச் சொல்லும் ஒரு நீண்ட பத்தி இருந்தது. சுருக்கிவிட்டேன். தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு மாநகராட்சிக்குக் கடிதம் எழுதினேன்: தெருவிளக்கு, சாக்கடை மூடி, நடைபாதையில் நிற்கும் ஜெனரேட்டர். எதற்கும் பதில் வரவில்லை. காலையில் எழுவதற்குக் காரணம் தேடிக்கொண்டு படுத்திருப்பேன். மடத்துச் சகோதரி ஒருவர் “ஒரு மனு எழுதித் தரமுடியுமா?” என்று கேட்டார். எழுதினேன். பதில் வந்தது. அதுதான் அந்த அனுமதி.)

அனுமதித் தாள் வந்த அன்று மடத்து வாசலில் நின்று நான் உளறினேன். ஒரு குடும்பம் ஊரை விட்டதால் எனக்கு ஒரு காலைப்பொழுது கிடைத்திருக்கிறது, அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது என்றேன். புஸ்பராணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இதிலை என்ன கூச்சம்? அகதி வந்தா ஊர்ச் சனத்தின்ர வேலையெல்லாம் போகுமெண்டு கதைக்கினம். எங்களாலை ஒராளுக்கு வேலை கிடைச்சிருக்கு. எழுதி வையுங்கோ.”

எழுதி வைத்துவிட்டேன்.

4

இப்போது சுப்பராமன். இவரைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. அவர் குணத்தில் இல்லை, என் எழுத்தில். வீடு கொடுக்கத் தயங்கும் மயிலாப்பூர்ப் பெரியவர் என்றதுமே உங்கள் மனதில் ஓர் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பிவிடுங்கள். இவர் வேறு.

எங்கள் பேட்டை வாரப் பத்திரிகையில் நானும் அவரும் ஒரே பக்கத்தில் எழுதுகிறவர்கள். நான் தெருவிளக்கு, அவர் தெப்பக்குளத்துப் பிளாஸ்டிக். ஒருமுறை என் கடிதத்தில் ஒற்றுப்பிழை இருந்தது என்று போன் செய்து சொன்னார். அடுத்த வாரம் அவர் கடிதத்தில் இரண்டு கண்டுபிடித்தேன். அதிலிருந்து நண்பர்கள்.

[இங்கே சுப்பராமனின் அப்பா ரங்கூனிலிருந்து குண்டுவீச்சுக்குத் தப்பி நடந்தே வந்தவர் என்று ஒரு பத்தி எழுதினேன். அழகாக வந்திருந்தது. அடித்துவிட்டேன். அவர் அப்பா கும்பகோணத்திலிருந்து ரயிலில் வந்தவர். உட்கார இடமும் கிடைத்ததாம். ஒருவர் இரங்குவதற்கு அவர் குடும்பமும் ஒருமுறை ஓடியிருக்க வேண்டும் என்பது என்ன விதி?]

அவர் வீட்டுப் பின்பக்க போர்ஷன் காலியாக இருந்தது. ஓர் அறை, சமையலறை, தனி வாசல். படியேற வேண்டாம் என்பதால் டிலுக்சிக்கு ஏற்றது. செபஸ்தியான் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை முடிவுக்கு வரிசையில் நின்றதால் தாயும் மகளும் மட்டும் என்னோடு வந்தார்கள். சுப்பராமனின் மனைவி ஜானு மாமி உள்ளிருந்து மூன்று டம்ளர் மோர் கொடுத்தனுப்பினார். இலங்கையிலிருந்து வந்தவர்கள், முகாமில் இருந்தவர்கள் என்பதை முன்பே சொல்லியிருந்தேன். சுப்பராமனுக்கு அதில் தயக்கமில்லை. “அவாள்லாம் எவ்ளோ பட்டிருக்கா,” என்றுதான் சொன்னார்.

“போர்ஷன் பிடிச்சிருக்காம்மா?”

“ஓம்.”

அவர் முகம் மலர்ந்தது. “தண்ணி காத்தால வரும். சமாளிச்சுப்பேளா?”

“ஓம் ஐயா.”

“வார்த்தைக்கு வார்த்தை ஓம்ங்கறா பாருங்கோ,” என்று என்னிடம் மெல்லச் சொன்னார். ‘ஆமாம்’ என்பதற்கு அங்கே அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அடுத்ததைக் கேட்டுவிட்டார்.

“நீங்கள்லாம் சைவம்தானே?”

மயிலாப்பூரில் இந்தக் கேள்வி சாப்பாட்டைப் பற்றியது. மன்னாரில் இது மதத்தைப் பற்றியது. புஸ்பராணி மன்னாரில் நின்று பதில் சொன்னாள்.

“இல்லை ஐயா. நாங்கள் வேதம்.”

சுப்பராமன் ‘இல்லை’யைக் காதில் வாங்காமல் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். “வேதமா?”

“ஓம். பரம்பரையா வேதம்தான். எங்கட ஊர் முழுக்க வேதக்காரர்தான்.”

“அங்கேயா? கடலுக்கு அந்தண்ட ஊர் முழுக்கவா?”

“ஓம். சைவக்காரர் கொஞ்சப் பேர்தான்.”

“நித்தியம் ஜபம்லாம் உண்டோ?”

“செபம் சொல்லாமல் படுக்க மாட்டம். பிள்ளையும் வடிவாச் சொல்லுவாள்.”

“பூஜை?”

“ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறவிடமாட்டம் ஐயா. கடலாலை வந்து இறங்கின அந்தக் கிழமையும் பூசை கண்டனாங்கள்.”

“கண்டேளா!” சுப்பராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இத்தனை கஷ்டத்துலயும் விடாம பண்ணிண்டு வந்திருக்கேளே. இங்கே கூப்பிடு தூரத்துல கோயில வெச்சுண்டு எங்காத்துப் பசங்க... சரி, இப்போ எங்கே தங்கியிருக்கேள்?”

“மடத்திலை.”

“மடத்துலயா? எந்த மடம்?”

அந்த ஓர் இடத்தில் மட்டும் நான் வாய் திறந்தேன். “அடையாறு பக்கம்,” என்றேன். அதுவும் உண்மைதான்.

“ஒப்புதல் கடிதத்தை எழுதிண்டு வாங்கோ,” என்றார் சுப்பராமன். “கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

5

(சொற்குறிப்பு. எங்கள் திசையன்விளைப் பக்கத்தில் மாதா கோயிலை ‘வேதக்கோயில்’ என்பார்கள். கிறிஸ்தவர்கள் ‘வேதக்காரங்க’. மன்னாரிலும் அப்படியே. வேதம் என்றால் வேதாகமம். செபம் என்றால் செபமாலை. பூசை என்றால் கோயிலில் குருவானவர் வைக்கும் திருப்பலி. அதை ‘காண்பது’ என்றுதான் சொல்வார்கள். மடம் என்றால் கன்னியர் மடம். புஸ்பராணி சொன்னதில் ஒரு பொய்கூடக் கிடையாது. சுப்பராமன் கேட்டதிலும் ஒரு கெட்ட எண்ணம் கிடையாது. ஒரே மொழியின் ஒரே சொற்கள் இரண்டு பேர் கையில் இரண்டு ஊராக இருந்தன. பொட்டைப் பற்றிக் கேட்பீர்கள். அங்கே வேதக்காரப் பெண்களும் பொட்டு வைப்பார்கள்.)

ராஜா அண்ணாமலைபுரம் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தோம். டிலுக்சி நிழலில் உட்கார்ந்து மூச்சை ஆற்றிக்கொண்டாள். அப்போதுதான் நான் நடந்ததை விளக்கினேன். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவளும் சிரித்தாள். ‘ஜபம்’ என்று சுப்பராமன் மாதிரியே சொல்லிச் சிரித்தாள். டிலுக்சி “அம்மா, அவர் எங்களை ஐயர் எண்டு நினைச்சிட்டாரோ?” என்று கேட்டு இன்னும் சிரிக்கவைத்தாள்.

பிறகு புஸ்பராணியின் சிரிப்பு நின்றது.

“அப்ப அவருக்குச் சொல்ல வேணும்.”

“எதுக்கு? நீ பொய் சொல்லலையே.”

“நான் சொல்லேல்லை அக்கா. நீங்கள் விளங்கிக்கொண்டு பேசாமல் இருந்தனீங்கள்.”

“டிலுக்சிக்காகத்தான் இருந்தேன்.”

“பிள்ளையைச் சாட்டாதேங்கோ.”

எனக்குக் கோபம் வந்தது. இந்த ஊரில் எத்தனையோ பேர் தெரிந்தே கேட்டைச் சாத்தினார்கள். அவர்கள் யாரும் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. ஒருவர் தெரியாமல் திறந்தார். திறந்ததை நாமே ஏன் சாத்த வேண்டும்? சாத்துகிறவனுக்கு இல்லாத கடமை உள்ளே போகிறவளுக்கு எங்கிருந்து வந்தது? அந்தப் பேருந்து நிறுத்தத்திலேயே உரக்கச் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். என் பக்கத்து வாதத்தில் ஓட்டை இருந்தால் நீங்கள் காட்டுங்கள்.

புஸ்பராணி ஓட்டையைத் தேடவில்லை. “சரி, முதல்லை கடிதத்தை எழுதுங்கோ,” என்றாள்.

6

கடிதம் எழுதுவது என் தொழில். மடத்து வாசலில் பலகையை மடியில் வைத்து எழுதினேன். புஸ்பராணியும் அவள் கணவரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். செபஸ்தியான் அதிகம் பேசமாட்டார். பேசினால் மனைவியைப் பார்த்துப் பேசுவார்.

‘திரு. ம. செ., அவர் மனைவி புஸ்பராணி’ என்று எழுதினேன்.

“அது ஆர் ம. செ.?” என்றார் செபஸ்தியான்.

“நீங்கதான். மரியான் மகன் செபஸ்தியான். முதலெழுத்து போதும். அலுவலகத்துல இருக்கற தாளோட ஒத்துப் பார்த்துக்குவாங்க.”

அவர் மனைவியைப் பார்த்தார். “இவ்வளவு காலமும் என்ர பேர் இவ்வளவு சின்னன் எண்டு எனக்குத் தெரியாது.”

புஸ்பராணி சிரிக்கவில்லை. “முழுக்க எழுதுங்கோ அக்கா.”

“எழுதினா அவர் படிப்பார்.”

“படிக்கத்தானே எழுதுறது.”

“படிச்சா கையெழுத்து போடாம விட்டுடலாம் புஸ்பா. கெடு முடியப் போகுது. இப்ப வீடு முக்கியமா, பேரு முக்கியமா?”

“ரெண்டும் என்ரதான்,” என்றாள். “வீடு போச்சுது, படகு போச்சுது. அது சண்டையிலையும் விலைவாசியிலையும் போனது, நான் குடுக்கேல்லை. பேரை நானாக் குடுக்கச் சொல்லுறீங்கள். அந்த வீட்டிலை பிள்ளை செபம் சொல்லேக்க நான் கதவைச் சாத்த வேணுமோ? மனுசனை ம. செ. எண்டு கூப்பிட வேணுமோ? ஒளிஞ்சு இருக்கிறதுக்குக் காம்ப் போதும் அக்கா.”

வாழ்நாள் முழுக்கக் கடிதம் எழுதியவள் நான். என் கடிதத்தை இதுவரை யாரும் திருத்தியதில்லை, சுப்பராமனைத் தவிர. முதலெழுத்துகளை அடித்துவிட்டு முழுப்பெயரை எழுதினேன்: பேசாலை மரியான் செபஸ்தியான்.

“இன்னொண்டு,” என்றாள். “தெரிஞ்சு கொண்டு தாறார் எண்டும் எழுதுங்கோ.”

“அப்படி ஒரு வாசகம் ஒப்புதல் கடிதத்துல வராது.”

“இதிலை வரட்டும்.”

எழுதினேன். பேருந்து நிறுத்தத்தில் நான் சொன்ன ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. அது என் நியாயம். கடிதம் அவளுடையது.

7

இந்த முறை நால்வரும் போனோம். அதே வராந்தா. செபஸ்தியான் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார், எல்லோருடையதையும். சுப்பராமன் கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக்கொண்டே படித்தார். அவர் எதையும் ஒற்றுப்பிழை பார்த்துத்தான் படிப்பார். பேனா பாதியில் நின்றது.

“மரியான் செபஸ்தியான்,” என்று வாய்விட்டுப் படித்தார்.

“நான்தான் ஐயா,” என்றார் செபஸ்தியான்.

சுப்பராமன் புஸ்பராணியைப் பார்த்தார். “வேதம்னு சொன்னேளே.”

“ஓம். வேதம்தான். எங்கட ஊரிலை கிறிஸ்தவ ஆக்களுக்கு அப்பிடித்தான் சொல்லுறது.”

அவர் என் பக்கம் திரும்பினார். “உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“எப்போலேர்ந்து?”

“நீங்க கண்ணாடியைத் துடைச்சீங்களே, அதுக்கும் முன்னால இருந்தே.”

“சொல்லியிருக்கலாமே.”

“நீங்க சந்தோஷமா இருந்தீங்க.”

அவர் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார். “இன்னும் ஏதாவது நான் தப்பாப் புரிஞ்சுண்டது உண்டோ?”

இல்லை என்று சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். புஸ்பராணிக்கு என் மனது கேட்காது.

“இருக்கு ஐயா. சைவமோ எண்டு கேட்டீங்கள். நீங்கள் சாப்பாட்டைக் கேட்டிருக்கிறீங்கள். எனக்குப் பேந்துதான் விளங்கினது. நாங்கள் மீன் சாப்பிடுவம். உங்கட வீட்டிலை சமைக்கக் கூடாதெண்டால் சொல்லுங்கோ, வெளியிலை சாப்பிட்டுட்டு வருவம். ஆனால் சாப்பிடுவம்.”

டிலுக்சி “அறுக்குளா,” என்றாள், யாரும் கேட்காமலேயே.

சுப்பராமன் எழுந்தார். ஒரு கையில் கடிதம், ஒரு கையில் மூடியில்லாத பேனா. “ஜானு,” என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனார்.

8

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

[முடிவு ஒன்று: அவர் வெளியே வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. ‘எந்த வேதமா இருந்தா என்ன’ என்று சொல்லிக் கையெழுத்து—]

[முடிவு இரண்டு: கடிதத்தை நாற்காலியில் வைத்தார். ‘நீங்க வேற இடம் பாருங்கோ, தப்பா நினைச்சுக்காதேங்கோ’ என்று—]

[முடிவு மூன்று: ஜானு மாமி வெளியே வந்தார். கான்வென்ட்டில் படித்தவர் அவர். ‘செபம்னு அவ சொன்னப்பவே நேக்குத் தெரியுமே’ என்று சிரித்துக்கொண்டே—]

மூன்றாவது உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும். எனக்கும் பிடித்தது. ஆனால் ஜானு மாமியை இந்தக் கதை முழுக்க மோர் கொடுக்க மட்டும் வைத்துக்கொண்டு, கடைசியில் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொல்வது அவருக்குச் செய்கிற அநியாயம்.

முதல் முடிவை எழுதினால் இது சுப்பராமனின் பெருந்தன்மையைப் பற்றிய கதை ஆகிவிடுகிறது. இரண்டாவதை எழுதினால் அவர் சிறுமையைப் பற்றியது. அவர் நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்தை மூடிவிடுவீர்கள். இரண்டிலும் கதை அவருடையது. இவர்கள் அவர் வாசலில் நிற்கிறவர்கள். அப்படியொரு கதையை நான் எழுதமாட்டேன். அவர் உள்ளே என்ன பேசினார், என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். கேட்டு யாரும் கடிதம் போட வேண்டாம். பதில் வராமல் இருப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றாலும், பதில் போடமாட்டேன்.

வராந்தாவில் நடந்ததைச் சொல்கிறேன். அதுதான் கதை. சுப்பராமன் உள்ளே இருந்த நேரத்தில் செபஸ்தியான் தொய்ந்து தொங்கும் கொடிக்கயிறு ஒன்றைப் பார்த்தார், எழுந்து போய் அதை அவிழ்த்து மீனவர் முடிச்சாகப் போட்டுக் கட்டினார். டிலுக்சி தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் நகம் கடித்தேன். புஸ்பராணி நாற்காலியில் முதுகு சாய்த்து, வாடகைக்கு வந்தவள்போல் அல்ல, பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளையின் அம்மாவைப்போல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பின்பக்க போர்ஷனின் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்:

“அக்கா, அந்தக் குசினி யன்னலுக்குக் கம்பி இல்லை. பூனை வரும். அவர் வந்தவுடனை சொல்ல வேணும்.”

கதை இதோடு நிற்கிறது. கடிதத்தின் நகல் என்னிடம் ஒன்று உண்டு. நான் எதற்கும் நகல் எடுத்து வைப்பவள். உரிமையாளர் பெயரை மட்டும் எடுத்துவிட்டு உங்களிடம் தருகிறேன். மயிலாப்பூரிலோ, அடையாற்றிலோ, தி. நகரிலோ, நீங்கள் இருக்கும் வேறெந்தத் தெருவிலோ, பூட்டிக் கிடக்கும் ஓர் அறை உங்களிடம் இருக்கும். ‘நல்ல ஆளாக வந்தால் கொடுக்கலாம்’ என்று விட்டுவைத்திருப்பீர்கள்.

அனுப்புநர்
....................................

பெறுநர்
அனுமதி வழங்கும் அலுவலர் அவர்கள்

பொருள்: குடியிருக்க ஒப்புதல்

ஐயா / அம்மா,

பேசாலை மரியான் செபஸ்தியான், அவர் மனைவி புஸ்பராணி, மகள் டிலுக்சி ஆகிய மூவரும் மேற்கண்ட முகவரியில் உள்ள என் வீட்டில் குடியிருக்க ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் யார் என்பதைத் தெரிந்துகொண்டே ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
....................................

பேனா இல்லை என்று சொல்லாதீர்கள். முகவரியைச் சொல்லுங்கள், நாளைக் காலையில் நானே கொண்டுவருகிறேன். நால்வருமாக வருவோம். நீங்கள் எதைக் கேட்டாலும் புஸ்பராணி ‘ஓம்’ என்பாள். ஆமாம் என்று அர்த்தம்.